பரஸ்தானப் பையில் பாஸ்போர்ட்

அப்பாவுக்குக் கடல் என்றால் பயம். ராமேசுவரத்தில் தீர்த்தமாடும்போதுகூடத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்வார். ஆனால் கடல் பயணத்துக்குத் திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு காலாண்டுத் தேர்வு விடுமுறையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் சிலோனுக்குப் போவது என்று முடிவானது. மறுநாளே நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, அட்டையில் ‘தீவுப் பயணம்’ என்று எழுதிவிட்டார்.

அப்பா சிவகங்கையில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. காரைக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவார். நான் காரைக்குடியிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடுமுறை என்னுடையது, திட்டம் அப்பாவுடையது, காரணம் அம்மாவுடையது.

அந்தக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ஒரே ஒரு தங்கை. சின்னம்மாவை யாழ்ப்பாணத்துக்கு அப்பால் நயினாதீவில் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான கையோடு அவள் தனுஷ்கோடியில் கப்பலேறிப் போனாள். அடுத்த வருடமே தனுஷ்கோடி புயலில் போய்விட்டது. பிறகு ராமேசுவரத்திலிருந்தே தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். ஆனால் மழைக்காலம் வந்தால் அதுவும் நின்றுவிடும். அப்படி நின்றிருந்த ஒரு கார்த்திகை மாதத்தில்தான் பிறந்த ஊரான நெற்குப்பையில் அக்கா தங்கை இருவருடைய அப்பா இறந்துபோனார். தந்தி போயிற்று, சின்னம்மா வரவில்லை. எப்படி வருவாள்?

எங்கள் பக்கத்தில் துஷ்டி கேட்க வரும் பெண்கள் வாசலிலேயே கட்டிப்பிடித்து அழுவார்கள். கூடப் பிறந்தவளைக் கட்டி அழாதவரை அந்தச் சாவு முடிந்ததாகக் கணக்கில்லை. அம்மாவுக்கு நான்கு வருடமாக அது முடியவில்லை. நெற்குப்பைப் பேச்சு வந்தாலே எழுந்து அடுப்படிக்குள் போய்விடுவாள். "அவளக் கட்டி ஒரு மூச்சு அழுதாத்தான் எனக்கு இது தீரும்" என்று அப்பாவிடம் ஒரு தடவைதான் சொன்னாள். அப்பா நோட்டு வாங்கியது அதற்குப் பிறகுதான்.

ஆனால் நோட்டு கைக்கு வந்ததும் அப்பாவுக்கு ஆசை விரிந்துகொண்டே போனது. இருக்க இடம் கொடுத்தால் படுக்கப் பாய் கேட்கிற கதை. ஒரே பயணத்தில் ஐந்து தீவு பார்த்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். ராமேசுவரம் ஒன்று, சிலோன் இரண்டு, புங்குடுதீவு மூன்று, நயினாதீவு நான்கு, நெடுந்தீவு ஐந்து. "ராமேஸ்வரத்தையும் கணக்குல சேக்கிறீகளாக்கும்?" என்று அம்மா கேட்டதற்கு, "சுத்தித் தண்ணி இருந்தாத் தீவுதான்" என்றார். நோட்டில் பக்கத்துக்கு ஒரு தீவு, எத்தனை மணிக்கு ஏறுவது, எத்தனை மணிக்கு இறங்குவது என்று சிவப்பு மையில் கட்டம் போட்டார்.

கட்டங்களை நிரப்பத் தகவல் வேண்டும். கப்பல் சனி, திங்கள், புதன் மூன்று நாளும் காலையில் தலைமன்னாரிலிருந்து வந்து பிற்பகலில் ராமேசுவரத்திலிருந்து திரும்பும் என்று ரயில் நிலையத்தில் விசாரித்து வந்தார். அந்தப் பக்கத்து ரயில், பஸ் நேரமெல்லாம் சின்னம்மா வீட்டுக்காரர் எழுதியனுப்பினார். லாஞ்சுக்குத்தான் சிக்கல். தீவுக்குத் தீவு போகும் மோட்டார் படகை அவர்கள் லாஞ்சு என்பார்கள். லாஞ்சு எத்தனை மணிக்கு என்று கேட்டு அப்பா எழுதினால், ‘விடிந்ததும் ஒன்று, சாப்பிட்டதும் ஒன்று, காற்று அடித்தால் ஒன்றும் இல்லை’ என்று சின்னம்மாவிடமிருந்து பதில் வந்தது. ‘சாப்பிடுவது எத்தனை மணிக்கு?’ என்று அப்பா திருப்பி எழுதினார். ‘பசிக்கும்போது’ என்று பதில் வந்தது. அதே கடிதத்தில், ‘நெடுந்தீவில் என்ன இருக்கிறது அத்தான், குதிரைதான் இருக்கிறது. அக்காவைக் கூட்டிவந்தால் போதும்’ என்றும் எழுதியிருந்தாள். அப்பா லாஞ்சுக் கட்டத்தில் பகல் ஒன்று என்று பென்சிலால் எழுதிக்கொண்டார்.

பாஸ்போர்ட்டுக்கு மாதக்கணக்கில் அலைந்தோம். விசாரணைக்கு வந்த போலீஸ்காரர், "எதுக்குக் கொழும்பு போறீக?" என்று அம்மாவிடம் கேட்டார். எங்கள் ஊருக்குக் கடலுக்கு அங்குட்டு எல்லாமே கொழும்புதான். "அழுகிறதுக்கு" என்று அம்மா உள்ளதைச் சொன்னாள். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். சொந்தக்காரர்களைப் பார்க்க என்று போட்டுக்கொள்ளுமாறு அப்பா கேட்டுக்கொண்டார்.

அப்பாவுக்குக் கிடைத்த லீவுக்குள் அடங்க வேண்டுமானால் ஒரே ஒரு வழிதான் இருந்தது. சனிக்கிழமைக் கப்பலில் போய், புதன்கிழமைக் கப்பலில் திரும்ப வேண்டும். ஞாயிறு மதியம் நயினாதீவு. செவ்வாய் மதியம் வரை அங்கே. இடையில் திங்கட்கிழமை நெடுந்தீவு. அவ்வளவு நெருக்கமாகத் தைத்த சட்டை அது. இந்த இடத்தில்தான் பஞ்சாங்கம் குறுக்கே வந்தது.

சனிக்கிழமை கிழக்கே சூலம். அன்றைக்குக் கிழக்கே பயணம் ஆகாது. அப்பா, ராமேசுவரம் கிழக்கே இல்லை, தென்கிழக்கே என்று வாதாடிப் பார்த்தார். அம்மா மசியவில்லை. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கடல் தாண்டப் போகிறாள். போகிற காரியமோ நான்கு வருடம் தள்ளிப்போன காரியம். அதைச் சூலத்தில் தொடங்க அவளுக்கு மனசு வரவில்லை. கடைசியில் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். பரஸ்தானம் வைத்தோம்.

போகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நாளில், பயணத்துக்கு வேண்டிய சாமான் ஒன்றைப் பையில் போட்டு, போகிற வழியில் தெரிந்தவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு நாம் அன்றைக்கே கிளம்பிவிட்டதாக அர்த்தம். வைத்த பையைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. மூன்று நாளைக்குள், போகிறபோது போகிற வாக்கில் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று அம்மா புதன்கிழமையைத் தேர்ந்தெடுத்தாள். ஸ்டேஷன் ரோட்டில் அப்பாவின் சிநேகிதர், ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர், இருந்தார். பையை அவர் வீட்டில் வைப்பதாக ஏற்பாடு.

பையில் எல்லாரும் ஒரு புடவை வைப்பார்கள், ஒரு துண்டு வைப்பார்கள். நான்தான் படித்தவளாயிற்றே. "கடல் தாண்டுறவுகளுக்குத் துணியாம்மா முக்கியம்? பாஸ்போர்ட்டுதான் கெளம்பணும். அது கெளம்புனா நம்ம கெளம்புன மாதிரி" என்றேன். அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூன்று பாஸ்போர்ட்டையும் மஞ்சள் துணியில் சுற்றி, அம்மாவின் ஒரு புடவைக்குள் வைத்து, கறுப்புத் தோல்பையில் போட்டு நானே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். அப்பாவிடமும் சொன்னேன். போகிற வழிதானே என்று சொல்லி, நோட்டில் பாஸ்போர்ட்டுக்கு நேரே ஒரு டிக் போட்டார். ஆகவே குற்றம் மூன்று பேருக்கும் பொது என்று வேண்டுமானால் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. யோசனை என்னுடையதுதான்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு கூடை, ஒரு கூஜா சகிதம் குதிரை வண்டியில் ஓவர்சியர் வீட்டு வாசலில் போய் இறங்கினோம். கதவில் கைமுட்டி அளவுக்குப் பித்தளைப் பூட்டு ஒன்று தொங்கியது.

எதிர்வீட்டு அம்மாள் கோலப்பொடிக் கிண்ணத்தோடு வந்து சொன்னாள். "சிங்கம்புணரியில அவுக மதினி தவறிப் போச்சு. நேத்துச் சாயங்காலம் ஆள் வந்து சொல்லி, அப்பிடியே கார் பிடிச்சு எல்லாரும் போயிட்டாக. சாவியா? அது அவுக இடுப்புலல்ல இருக்கும்."

ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. அப்பா ஜன்னல்களைப் பார்த்தார், பின்பக்கம் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அம்மா வாசல் ஓரத்தில் கிடந்த கருங்கல் துண்டு ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படியேறினாள். முதல் அடி பூட்டில் விழவில்லை, கதவில் விழுந்தது. பர்மாத் தேக்கு, ஒரு கீறல்கூட விழவில்லை. இரண்டாவது அடிக்குக் கை ஓங்கியபோது அப்பா ஓடிப்போய் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்தவுக வீட்டுப் பூட்டு. ஒடைச்சாக் கேஸாயிரும்."

"ஆகட்டும்."

"நான் கவர்மெண்டு உத்தியோகத்துல இருக்கேன்."

"இருங்க" என்றாள் அம்மா.

அவள் கல்லைக் கீழே போடவும் இல்லை, அப்பா கையை விடவும் இல்லை. இருவரும் அப்படியே நிற்கும்போது ரயில் ஊதுகிற சத்தம் கேட்டது. குதிரை வண்டிக்காரர் பெட்டிகளை மறுபடியும் ஏற்றினார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல் இருந்தது. அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

அப்பா சின்னம்மாவுக்குத் தந்தி கொடுத்துவிட்டு, சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினார். சாவு வீட்டில் போய்ச் சாவி கேட்பது எப்படி? மாலை வாங்கிப் போட்டார். எடுக்கிறவரை இருந்தார். முன்பின் பார்த்திராத ஒரு பெண்மணிக்காக மயானம்வரை நடந்தார். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்த பிறகுதான் ஓவர்சியரைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். "அடக் கடவுளே, ஒங்க பை!" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டாராம். அப்பா சாவியோடு திரும்பும்போது மாலையாகிவிட்டது. தீட்டு வீட்டுப் பை, தண்ணீர் தெளித்து எடுக்க வேண்டும் என்று எதிர்வீட்டு அம்மாள் செம்பை நீட்டினாள். அம்மா செம்பையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. நேரே உள்ளே போய்ப் பையை எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். திரும்ப வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா என்ன.

விளக்கு வைத்ததும் அப்பா நோட்டைப் பிரித்தார். அடுத்த கப்பல் திங்கட்கிழமை. லீவோ மாறவில்லை, திரும்புவது புதன்கிழமைதான். அவர் ஒவ்வொரு தீவாக அடித்துக்கொண்டே வந்தார். நெடுந்தீவுக்குக் குறுக்குக் கோடு போடும்போது அவர் முகம் கொஞ்சம் வாடியது. நீண்ட நேரம் கூட்டிக் கழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"போற லாஞ்சுல போயி, வர்ற லாஞ்சுல திரும்பிரணும். தீவுல நமக்கு இருக்கிறது ஒண்ணே கால் மணி நேரம். இதுக்காக ரெண்டு நாள் ரயிலும் பஸ்ஸும். பேசாம அடுத்த வருசம் போவோமா?"

"ஒண்ணே கால் மணி நேரம் போதும்" என்றாள் அம்மா. "அழுகுறதுக்கு அதுக்கு மேல எதுக்கு?"

"திங்கக்கிழமையும் கிழக்க சூலம்."

"குத்துறப்பப் பாத்துக்கிரலாம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. திங்கட்கிழமை விடியற்காலை எந்த நேரத்தையும் பார்க்காமல் கிளம்பினோம். வண்டி பாம்பன் பாலத்தில் போகும்போது அப்பா கண்ணை மூடிக்கொண்டார். கப்பலில் மூன்று மணி நேரத்துக்கு மேல். அப்பா நடுவில் ஒரு பெஞ்சைப் பிடித்து, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை. தண்ணீர்தான். அம்மா பையை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

தலைமன்னாரில் கப்பல் வந்து நிற்கும் பாலத்துறை நீளமாகக் கடலுக்குள் வந்திருந்தது. இறங்கினதும் ரயில், அதில் எப்படியாவது மூன்று இடம் பிடிக்க வேண்டும், அது தவறினால் ஒன்றே கால் மணியும் போச்சு என்று அப்பா எங்களை விரட்டினார். சோதனை முடித்துக்கொண்டு, பெட்டியும் கூடையுமாக ஓடாத குறையாக வெளியே வந்தோம். அங்கே ஒரு பெண் கையில் தூக்குவாளியோடு நின்று, வருகிறவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

பை கீழே விழுந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தை வைத்து, "நம்மளப் பெத்தவரே" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அந்த இடமே திரும்பிப் பார்த்தது. வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரி ஒருவர் ஓடிவந்து, கப்பலில் யாராவது இறந்துவிட்டார்களா என்று அப்பாவிடம் பதற்றமாகக் கேட்டார். "ஆமாங்க. எங்க மாமனார். நாலு வருசமாச்சு" என்றார் அப்பா. அதிகாரி என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார்.

சின்னம்மா யாருக்கும் எழுதாமல் தானும் ஒரு திட்டம் போட்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமையே லாஞ்சு ஏறி, பஸ் ஏறி, ரயில் ஏறி, சனிக்கிழமை வந்து சேர்ந்துவிட்டாள். எங்கள் தந்தி நயினாதீவுக்குப் போனபோது அவள் அங்கே இல்லை. சனிக்கிழமைக் கப்பலில் இறங்கியவர்களில் நாங்கள் இல்லை என்றதும் ஊருக்குத் திரும்பவில்லை. துறைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருந்த ஒரு ராமநாதபுரத்துக் குடும்பத்தோடு தங்கி, அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் காத்திருந்திருக்கிறாள்.

"நாங்க வரவே மாட்டோம்னு தோணலையா சின்னம்மா?" என்று கேட்டேன்.

"ஒங்கம்மாவ எனக்குத் தெரியாதா ஆத்தா? சனிக்கிழம கிழக்க சூலமாச்சே. பரஸ்தானம் அது இதுன்னு எதையாச்சும் பண்ணி ஒரு கப்பலையாவது விட்டுட்டுத்தான் வருவா. அதான் ரெண்டு நாளைக்குச் சேத்து முறுக்குச் சுட்டுக் கொண்டாந்தேன்."

அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ரயில் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. திங்கள் மாலையிலிருந்து புதன் காலைவரை அந்த டீக்கடை வீட்டின் கீற்றுக் கொட்டகையில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருந்தார்கள். அழுதார்கள், முறுக்குத் தின்றார்கள், தலை வாரிக்கொண்டார்கள், மறுபடியும் அழுதார்கள். அப்பா கரையோரம் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்து நோட்டைத் திறப்பார், எழுத ஒன்றும் இல்லாமல் மூடுவார். ஐந்து தீவில் எங்களுக்குக் கிடைத்தவை ராமேசுவரமும் இந்தத் துறையும்தான். நயினாதீவு எப்படி இருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

புதன்கிழமை கப்பல் ஏறும்போது சின்னம்மா ஒரு துணிப்பையை அம்மா கையில் திணித்தாள். உள்ளே தன் புடவை ஒன்றை வைத்து வாயை முடிச்சுப் போட்டிருந்தாள்.

"இது என் பரஸ்தானம். இன்னைக்குப் புதன்கிழமதான. ஒன் வீட்டுல வையி. நான் கெளம்பிட்டேன்னு வச்சுக்க."

"மூணு நாள்தான்டி கெடு."

"அதெல்லாம் ஒங்க ஊருப் பஞ்சாங்கம். எனக்குக் கப்பல் விடுறபோதுதான்."

அம்மா அந்தப் பையை வீட்டில் பீரோவின் மேல்தட்டில் வைத்தாள். பிரிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் சின்னம்மா வருவதாக எழுதுவாள், ஏதாவது ஒன்று வந்து தடுக்கும். கடை, பிள்ளை, பாஸ்போர்ட். "கெடு தாண்டிப் போச்சே" என்று அப்பா சீண்டுவார். "வருவா. பை வந்துருச்சுல்ல" என்பாள் அம்மா.

நான்கு வருடம் கழித்து, அதுவும் ஒரு கார்த்திகையில், அம்மா மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். கப்பல் நின்றிருந்தது. அப்பா தந்தி கொடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தெருப் பெண்களும் சொந்தக்காரப் பெண்களும் வரிசையாக வந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. அவள் சொன்னது சரிதான் என்று அப்போது நானும் நினைத்தேன்.

மழைக்காலம் முடிந்து கப்பல் விட்ட முதல் வாரத்திலேயே சின்னம்மா வந்தாள். குதிரை வண்டியிலிருந்து வெறும் கையோடு இறங்கினாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. நான் பீரோவின் மேல்தட்டிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினேன்.

முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவள் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"அக்கா இதப் பிரிக்கவே இல்லையா?"

"பரஸ்தானப் பைய யாராச்சும் பிரிப்பாகளா சின்னம்மா?" என்றேன்.

அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். அந்த வாசலில் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. அப்பா உள்ளே கடிகாரத்துக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரிடம் கேட்டேன். மணி பார்க்கவில்லை என்றார். ஒன்றே கால் மணி நேரத்துக்கு மேல்தான் இருக்கும்.